காட்சிக்குரிய பாம்பு

வீட்டினுள் கண்ணாடிப் பேழையொன்று அமைத்து, அதனுள் பாம்பொன்றை இட்டு, மாலைதோறும் அதன்முன் அமர்ந்து நோக்கி மகிழ்வார் மேனாடுகளிற் பலர் உளர். இச்செய்தியை யாம் நூல்வாயிலாக அறிந்திலேம். எம் தோழருள் விலங்கியல் பயில்வான் ஒருவனுக்கு, இங்கிலாந்தில் வாழும் அவன் பெரியப்பா மகனார் விடுத்த மின்மடல் வாயிலாகவே அறிந்தோம். "பார்ப்பதற்குச் சுவையான பாம்பு ஒன்று வாங்க எண்ணுகிறேன். எப்போதும் சுருண்டு கிடப்பது வேண்டா. விருந்தினர் வந்தால் அவர்களும் நின்று பார்க்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். நீதான் இதையெல்லாம் படிக்கிறாயே, எதை வாங்கலாம், தம்பி?" என்பது அம்மடலின் சாரம்.

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்னும் நாட்டிற் பிறந்த எமக்கு இவ்வினா முதலில் நகைப்பையே விளைத்தது. ஆயினும் அன்றிரவு விடுதியில் விளக்கணையும் வரை இதுவே பேச்சாயிற்று. யாம் ஐவர்: தமிழ் பயில்வார் இருவர், விலங்கியல், பொருளியல், கணிதம் பயில்வார் ஒவ்வொருவர். ஐவர்க்கும் ஐந்து கருத்து இருந்தன. பாம்பொன்றை ஒரு நாழிகையேனும் நின்று பார்த்தவர் எம்முள் எவரும் இலர் என்பதே அக்கருத்துகளின் உறுதிக்குக் காரணம் போலும்! பார்த்தபின் பேசுவோம் என்று முடிவு செய்தோம். வளர்த்துப் பார்த்தற்கு வழியில்லை. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்தலைக் குற்றமென விலக்குகின்றது. எம் விடுதிக் காப்பாளரோ பூனைக்குட்டிக்கே இடந்தாரார். எனவே, அதே 1972 இல் ரோமுலஸ் விட்டேக்கர் என்பார் கிண்டியில் நிறுவிய பாம்புப் பண்ணையே எமக்குப் புகலாயிற்று. ஆளுக்கொரு பாம்பைத் தனக்குரியதாகத் தேர்ந்துகொள்வது, ஒன்றுவிட்டொரு சனிக்கிழமை மின்சார ரயிலேறிச் சென்று அதனை நோக்குவது, நோக்கியதைக் குறிப்பேட்டில் எழுதுவது, ஆண்டிறுதியில் எவனுடைய பாம்பு பார்த்தற்குரியது எனத் தீர்ப்பது என ஒரு போட்டி ஏற்படுத்திக்கொண்டோம். சட்டமும் காப்பாளரும் தடை சொல்லவியலாத வளர்ப்பு இஃதொன்றே.

பொருளியல் நண்பன் மலைப்பாம்பைத் தேர்ந்தான். கொடுத்த நுழைவுக் கட்டணத்திற்கு மிகுதியான பாம்பு கிடைப்பது அதனிடத்தேதான் என்பது அவன் கணக்கு. தொடைப் பருமனும், நெய்பூசினாற்போல் மின்னும் திட்டுகளுமாய் அது கிடக்கும் கிடை மெய்யாகவே வீறுடையது. முதல்நாள் அவன் பேழைமுன் நின்றவர் கூட்டத்தைக் கண்டு யாம் பொறாமை கொண்டோம். இரண்டாம் நாளும் அது அவ்விடத்தே, அவ்வாறே கிடந்தது. மூன்றாம் நாள் தலையைச் சிறிது இடப்புறம் சாய்த்திருந்தது. அவன் குறிப்பேட்டில் 'அசைவில்லை' என்னும் சொல் ஒன்பது முறை வந்துள்ளது. இவ்வளவில் அந்நூல் முற்றும். இதிற் பாம்பின்மேற் குறையில்லை. வயிறார ஒருமுறை உண்டாற் கிழமைக்கணக்கில் உணவு வேண்டாத உயிர்க்கு உலாவ வேண்டிய தேவை யாது? பெட்டை மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றி வளைந்து, தசைகளை நடுக்கி, அந்நடுக்கத்தால் வெப்பம் உண்டாக்கி அடைகாக்கும் என விலங்கியல் நண்பன் சொன்னான். கல்போற் கிடக்கும் அவ்வுடல் உள்ளே அத்துணை உழைக்கவல்லது என்பதை எண்ணும்போது வியப்பு மிகுகின்றது. ஆனால் வியப்பது வேறு, பார்ப்பது வேறு.

மலைப்பாம்பைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். பர்மிய மலைப்பாம்பின் குஞ்சு முட்டையினின்று வெளிப்படுங்கால் ஏறக்குறைய இரண்டடி நீளமே உடையது, பார்த்தற்கு அழகியது. அமெரிக்க நாட்டில் அதனை அழகுக்கென வாங்கினார் பலர். சில ஆண்டிற் பத்தடியும் கடந்து, பேழையும் அறையும் போதாவாயின. வளர்த்தாருட் சிலர் அதனைச் சதுப்பு நிலத்தில் விட்டுவிட்டனர். அவ்வாறு சென்றவற்றின் வழித்தோன்றல்கள் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் பகுதியிற் பெருகின. அவை நெடுநாள் பரவிய இடங்களில் ரக்கூன் என்னும் விலங்கைக் காணுதல் 99 விழுக்காட்டுக்கு மேல் அருகிற்றென 2012 இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. அப்பாம்புகளைப் பிடித்துக்கொடுக்க 2017 இல் அங்குச் சென்றோர் யாவர்? நம் செங்கற்பட்டுப் பகுதி இருளர் இருவர்: மாசி சடையன், வடிவேல் கோபால் என்பார். பல கருவிகளோடு பிறர் தேடிக் காணாதவற்றைப் புல்லின் சாய்வும் மண்ணின் தடமும் கொண்டே கண்டு, முதல் இரு கிழமைக்குள் 13 பாம்புகளைப் பிடித்தனர். 2023 இல் இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பார்த்து மகிழவென ஒருவர் வாங்கிய குஞ்சு, கடல் கடந்து வேறொருவரை அழைக்கும்படி ஆயிற்று. இங்கிலாந்துத் தமையனார்க்கு விடுத்த மறுமடலில் இது தவறாமல் எழுதப்பட்டது.

நாகத்தை எம்முள் எவரும் தேர்ந்திலேம். அது பொதுமக்களின் தேர்வு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பேழைமுன் நிற்கும் சிறார் கண்ணாடியைத் தட்டுவர், தந்தையரும் தட்டுவர், 'தட்டாதீர்' என்னும் பலகையின் மீதே தட்டுவாரும் உளர். அனைவரும் வேண்டுவது படம். நாகமோ படம் எடுப்பதில்லை. காரணம் எளிது. கழுத்தின் விலா எலும்புகளை அகல விரித்துப் படம் எடுத்தல் அச்சத்தின் செயல். நாள்தோறும் நூற்றுக்கணக்கான முகங்களைக் கண்டு அலுத்த நாகத்திற்கு அவ்வச்சம் ஒழிந்துபோயிற்று. அழகு அழகென்று நாம் காண விரும்புவது பாம்பின் நடுக்கத்தையே! மகுடிக்கு ஆடுதல் என்பதும் இத்தகையதே. பாம்பாட்டி அசைக்கும் குழலையும் முழங்காலையும் கண்ணால் தொடர்ந்து அது அசைகின்றதேயன்றி, இசைக்கு ஆடுவதன்று. அதற்குப் புறச்செவி இல்லை. நிலத்தின் அதிர்வு தாடை எலும்பு வழியே உட்செவியைச் சேரும். தாழ்ந்த ஒலிகள் சிலவே காற்றுவழி எட்டும். நம் முன்னோர் பாம்பிற்குக் 'கட்செவி' எனப் பெயரிட்டனர். கண்ணே செவியாயது என்பது பொருள். உடற்கூற்றின்படி இது பொருந்தாது. மகுடிமுன் ஆடும் நாகத்தை நோக்கினாலோ, அச்சொல்லைக் கண்டவன் நன்றாகப் பார்த்தே கண்டான் எனத் தோன்றுகின்றது. பாம்பின் கண்ணுக்கு இமையில்லை என்பதையும் ஈண்டுக் கூறுதும். கண்ணாடிச் சில்லுப்போன்ற தோல் ஒன்றே அதனை மூடிக் காக்கும். சட்டை உரிக்குமுன் அது பால்நிறம் கொள்ளும். இமையாமை வானோர்க்கு உரியதெனப் படித்த யாம் அதனைப் பாம்பினிடத்துக் கண்டு சிறிது நேரம் பேசாதிருந்தோம்.

இனி எம்முடைய பாம்பு. தமிழ் பயிலும் யாம் இருவரும் பச்சைப் பாம்பைத் தேர்ந்தோம். உண்மையைச் சொன்னால், முதல்நாள் அதனைத் தேரவில்லை, தேடினோம். செடிகொடிகள் நிறைந்த அப்பேழையில் அரைமணி நேரம் நின்றும் மூன்றே கண்டோம். ஆறு உள்ளன என்று பணியாளர் சொல்லி, விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார். காட்டியபின் அவை இலைக்குள் மறைந்திருந்தனவல்ல, இலைமேலேயே கிடந்தன என்பது புலனாயிற்று. கொடி காற்றில் அசைவதுபோல உடலை முன்னும் பின்னும் அசைத்து அசைத்து அது செல்லும். கொடி நின்றால் தானும் நிற்கும். முகம் கூரியது. கண்ணிலிருந்து மூக்குநுனி வரை இருபுறமும் வாய்க்கால்போல ஒரு பள்ளம் ஓடுகின்றது. துப்பாக்கியின் குறிப்பள்ளம் வழியே நோக்குவான்போல அது அப்பள்ளத்தின் வழியே இரையை நோக்கும். கண்ணின் பாவையோ வட்டமன்று. கிடையாகப் படுத்த சாவித்துளையின் வடிவினது. இரு கண்ணும் முன்னோக்கி ஒரு பொருளையே காணவல்லன. ஆதலால் இரை எவ்வளவு தொலைவில் உள்ளதென அளந்து பாயும். மற்றைப் பாம்புகளை நாம் பார்க்கின்றோம். இதன்முன் நின்றால் நாம் பார்க்கப்படுகின்றோம்.

இதற்கு ஊர்வழக்கிற் 'கண்கொத்திப் பாம்பு' என்றொரு பெயர் உண்டு. கண்ணைக் கொத்தும் என அஞ்சிப் பலர் இதனைக் கண்டதும் அடித்துக் கொல்வர். அஃது அவ்வாறு கொத்துவதன்று. அதன் நஞ்சும் மனிதர்க்கு ஊறு செய்யுமளவு வலியதன்று. ஆயினும் விடாது காவல் பார்ப்பவனைக் 'கண்கொத்திப் பாம்பாய்ப் பார்க்கிறான்' என்கின்றோம். பக்கத்துப் பேழையில் இருந்த கொம்பேறி மூக்கனுக்கும் இதுபோலொரு பழி உண்டு: தான் கடித்தவன் எரிவதைச் சுடுகாட்டு மரத்தின்மேல் ஏறி நின்று பார்க்குமாம்! நஞ்சே இல்லாத பாம்பு அது. எம்மவர் தாம் பாம்பைப் பார்த்ததினும், பாம்பு தம்மைப் பார்ப்பதாக எண்ணியதே மிகுதி போலும். எவ்வாறாயினும், பார்த்தற்குரியது எது என்னும் வினாவிற்கு எம் குறிப்பேடு பக்கம் பக்கமாக விடை கூறியது. வெல்வோம் என்றே இருந்தோம்.

வெல்லவில்லை. விலங்கியல் நண்பன், எவரும் திரும்பியும் பாராத தண்ணீர்ப் பாம்பைத் தேர்ந்திருந்தான். குளத்திலும் வயலிலும் நாள்தோறும் காணும் அதனைக் காசு கொடுத்து வந்து காண்பதா என நகைத்தோம். ஆனால் அவன் பேழையே என்றும் ஓய்வறியாதது. நீந்துதல், மூழ்குதல், கரையேறி வெயில் காய்தல், தலை தூக்கிக் கழுத்தைத் தட்டையாக்கிச் சீறுதல், ஒரே மீனின் இரு முனையையும் இரு பாம்பு கவ்விக்கொண்டு விடாதிருத்தல் என ஒவ்வொரு வருகையிலும் புதிதாக ஒன்று நிகழ்ந்தது. பிளவுபட்ட நாவின் தொழிலை அவன் எமக்குக் காட்டியதும் அதனிடத்தேதான். நாவை நீட்டிக் காற்றிலுள்ள மணத்துகள்களைத் தொட்டு உள்ளிழுத்து, மேலண்ணத்திலுள்ள ஓர் உறுப்பிற் சேர்த்து அது முகரும். இரு நுனி இருத்தலால் மணம் வலப்புறம் மிகுதியோ இடப்புறம் மிகுதியோ என்பதும் தெரியும். மீன் வாளி கதவருகே வந்த அளவில், கண்ணாற் காணுமுன்னரே நாக்குகள் எல்லாம் வெளிவந்தன.

அவன் தன் தமையனார்க்கு எழுதிய விடை எமக்கும் படித்துக் காட்டப்பட்டது. அதன் கருத்து இது. மேனாட்டுக் கடைகளில் மிகுதியாக விற்கப்படுவன ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பும், அமெரிக்காவின் சோளப் பாம்பும். முன்னது பகலெல்லாம் வளையுள் ஒடுங்கி இரவில் உலவுவது. அஞ்சினாற் பந்தாய்ச் சுருள்வது. அதனை வாங்கினால் விருந்தினர் காண்பது பெட்டியைத்தான். பின்னது சாதுவானது, வண்ணமுடையது. ஆனால் அந்திக்குப்பின் உலவுவதே அதற்கு இயல்பு. பகலிற் கண்ணாற் கண்டு இரைதேடி உலாவும் பாம்பே காட்சிக்குரியது. அங்குக் கிடைப்பவற்றுள் அத்தகையது கார்ட்டர் பாம்பு. அது நம் தண்ணீர்ப் பாம்பின் உட்குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சைப் பாம்பு போன்றவை அழகால் மயக்கும். ஓணான், பல்லி, தவளை என உயிருள்ள இரையையே நாடும் அவற்றை வீட்டுப் பேழையில் வைத்தல் அவற்றை மெல்லப் பட்டினியிடுதலாக முடியும். இன்னொன்று: பேழையினுள் வெப்பமான பக்கத்தில் ஒன்றும், குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு மறைவிடம் அமைக்க. மறைவிடம் இருந்தாற் பாம்பு வெளிவராதே என எண்ணற்க. ஒளிய இடமுண்டு என்னும் துணிவுடைய பாம்பே வெளியே உலாவும்; ஒளிய இடமற்றது மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். இக்கடைசி வாக்கியத்தை யாம் மும்முறை படிக்கச் சொல்லிக் கேட்டோம்.

இதுகாறும் கணித நண்பனைப் பற்றி யாம் கூறவில்லை. அவன் செய்யாற்றுப் பக்கத்துச் சிற்றூரினன். முதல்நாள் நாங்கள் பேழைக்குப் பேழை ஓடியபோது, அவன் நேரே சென்று ஒன்றின்முன் நின்றான், அதனையே தேர்ந்தான். அது கட்டு விரியன். கருநீலமான மேனியில் இரண்டிரண்டாக மெல்லிய வெண்கட்டுகள்; முதுகெலும்பின் மேல் அறுகோணச் செதில்கள் ஒருவரிசை. காட்சிப் பொருள் என்னும் வகையில் அதனினும் பயனற்ற பாம்பு பண்ணையிலேயே இல்லை. பகலெல்லாம் பானையோட்டின் அடியிற் சுருண்டு, தன் தலையைத் தன் சுருளுக்கடியிலேயே புதைத்துக் கிடக்கும். வருவோர், பலகையைப் படித்து, "இதுவா?" என்று சொல்லிக் கடந்துபோவர். அவன் கடந்துபோகவில்லை. நாங்கள் நால்வரும் சுற்றித் திரும்பும் வரை அங்கேயே நிற்பான்.

அவன் எட்டாம் வகுப்பிற் படித்த ஆண்டு, ஆவணி மாதத்து இரவொன்றில், பாயிற் படுத்திருந்த அவன் அக்கையாரை அப்பாம்பு தீண்டிற்று. வலி இல்லை, எறும்பு கடித்ததென எண்ணி மீண்டும் உறங்கினார். விடியுமுன் வயிற்றுவலி என்று எழுந்தார். சுக்குக் கஷாயம் கொடுத்தனர். பின்னர் இமைகள் தாமே சரிந்தன. விழித்துப் பார் என்று அன்னையார் சொல்லச் சொல்ல, விழிக்க இயலவில்லை என்று அவர் சொன்னாராம். மூச்சு விடுதல் அரிதான பின்னரே பாம்பாக இருக்கலாம் என்னும் எண்ணம் எழுந்தது. நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் உயிர் நீங்கிற்று. இதனை அவன் ஒரு நாள் ரயிலில், கிண்டியிலிருந்து திரும்புகையில், சன்னலுக்கு வெளியே பார்த்தவாறு சொன்னான். 2000 முதல் 2019 வரை இந்நாட்டிற் பாம்புக்கடியால் இறந்தோர் ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் என மதிப்பிட்ட ஆய்வொன்றை விலங்கியல் நண்பன் முன்னரே எமக்குச் சொல்லியிருந்தான். எண்ணைக் கேட்டபோது இருந்த நிலையும், அன்று ரயிலில் இருந்த நிலையும் வேறு.

கல்லூரிச் சிற்றாலயத்தில் ஒருநாட் காலை, எண்ணாகமத்தின் இருபத்தொன்றாம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. பாம்பாற் கடியுண்ட மக்கள் நோக்கிப் பிழைக்கும்படி மோசே வெண்கலப் பாம்பொன்றைக் கம்பத்தின் மேல் உயர்த்திய வரலாறு அது. கணித நண்பன் எம் சமயத்தவன் அல்லன். அவன் அன்னையார் வெள்ளிதோறும் புற்றுக்குப் பால் வார்ப்பவர். வெளியே வந்ததும் அவன் எம்மை வினவினான்: "கடித்ததையே நோக்கும்படி சொல்வானேன்? வேறு உருவமே கிடைக்கவில்லையா?" மறையியல் வகுப்பிற் படித்த விடை எமக்கு நாவரை வந்தது. அவன் முகத்தைக் கண்டு அதனைச் சொல்லாது விட்டோம்.

ஐப்பசியின் தொடக்கத்தில் அவன் விருப்பப்படி யாம் வடநெம்மேலிக்குச் சென்றோம். கடற்கரைச் சாலையில், முதலைப் பண்ணைக்குள், இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடைபெற்று வருகின்றது. முன்னாளிற் பாம்புத்தோல் வணிகத்திற்காகப் பாம்பு பிடித்துவந்த அம்மக்கள், அவ்வணிகம் தடைப்பட்டபின் இத்தொழிலுக்கு வந்தனர். நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கினைப் பிடித்து, மணல் இட்ட மண்பானைகளில் வைத்து, வாயைத் துணியாற் கட்டி, மூன்று நான்கு கிழமைக்குள் சிலமுறை நஞ்செடுத்துப் பின் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அதே பாம்பு மீண்டும் உடனே அகப்பட்டால் அறிதற்பொருட்டு அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் இடுகின்றனர். நச்சுமுறி மருந்து இந்நஞ்சிலிருந்தே பிறக்கின்றது. அவ்வரிசைப் பானைகளைக் கண்டதும் எமக்குத் தோன்றியது இது: கிண்டியிற் கண்ணாடியும் விளக்கும், இங்கு இருளும் மண்ணும். பாம்பைக் கேட்டால் எதனைத் தேர்ந்துகொள்ளும் என்பதில் ஐயமில்லை.

கட்டு விரியனிடம் நஞ்செடுத்த இருளப் பெரியவரிடம் எம் நண்பன் கேட்டான்: "ஐயா, இது வீட்டுக்குள் யாரைத் தேடி வரும்?"

"யாரையும் தேடி வராது, தம்பி. எலிக்கு வரும், பல்லிக்கு வரும், வேறு பாம்பைத் தின்ன வரும். ராத்திரிதான் அதற்குப் பகல். நாம் தூக்கத்தில் புரண்டு அதன்மேல் கைபோட்டால் கடிக்கும். ஆளுக்கென்று வராது" என்றார் அவர். பாம்பைப் பானையுள் விட்டு, துணியைக் கட்டி, முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்தார். நண்பன் வேறொன்றும் கேட்கவில்லை.

கார்த்திகை மாதத்தில் வடகிழக்குப் பருவமழை வலுத்த ஒரு சனிக்கிழமை. பண்ணையில் எம்மையன்றிப் பார்ப்பார் பத்துப் பேரும் இலர். மணி ஐந்துதான், ஆயினும் மேகத்தால் அந்தி போன்றிருந்தது. மழைக்கு ஒதுங்கி மற்றையோர் தண்ணீர்ப் பாம்பின் பக்கம் நிற்க, கணித நண்பன் கையசைத்து அழைத்தான். ஓட்டினடியிலிருந்து நா ஒன்று வெளிவந்தது. பின் சிறிய, வட்டமான, பளபளக்கும் தலை. ஓரடி வந்து நின்றது. கண்ணாடி ஓரமாக, வெண்கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாய் நகர, முழுவுடலும் வெளிப்பட்டது. நாகம்போல் எழவில்லை, பச்சைப் பாம்புபோல் எம்மை நோக்கவுமில்லை. நாவால் மணலைத் தொட்டுத் தொட்டு, ஏதோ தன் வேலையாகச் சென்று, பேழையின் மறுகோடியைத் தொட்டுத் திரும்பிற்று. எங்கள் ஐவரின் மூச்சும் கண்ணாடியில் படர்ந்தது. அவன் தன் துண்டால் அதனைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தான். மூன்று நிமிடம் இருக்கலாம். அது ஓட்டினடி புகுந்தது. "இவ்வளவு சிறியதா அதன் வாய்!" என்றான் அவன். அவன் சொன்னது அவ்வளவே.

மார்கழியில் ஐந்து குறிப்பேடுகளையும் ஒருங்கு வைத்துத் தீர்ப்புச் சொன்னோம். தண்ணீர்ப் பாம்பே வென்றது. அதிற் கருத்து வேறுபாடில்லை. பச்சைப் பாம்பு இரண்டாவது. கணித நண்பனின் ஏட்டில் நாள், நேரம், 'தலை காணப்படவில்லை' என்பன தவிரப் பெரும்பாலும் வேறில்லை. மழைநாட் பக்கத்தில் மட்டும் பாம்பு சென்ற வழியைக் கோடாக வரைந்து, நீளத்தை அளவிட்டு, நேரத்தால் வகுத்து, விரைவைக் கணித்திருந்தான். கணிதம் பயில்வான் வேறென் செய்வான்! அவ்வேட்டைப் போட்டிக்குள் வைத்து எண்ணுவதற்கு எவருக்கும் மனம் வரவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு அவன் எங்களைத் தன் ஊருக்கு அழைத்துச் சென்றான். தன் உதவித்தொகையில் மிச்சம் பிடித்து நான்கு கொசுவலை வாங்கியிருந்தான். வலையின் ஓரத்தைப் பாயினடியிற் சுற்றிலும் செருகவேண்டும், ஒரு கைப்பிடி அகலமும் திறந்திருத்தல் ஆகாது என்று அவன் தாயார்க்கு மண்டியிட்டுக் காட்டிக்கொடுத்தான். அவர் ஒன்றும் பேசாது பார்த்திருந்து, மறுநாள் இரவு எங்கள் நால்வருக்கும் தாமே செருகிவிட்டார். விளக்கை எடுத்துக்கொண்டு சுற்றிவந்து ஒருமுறை தடவியும் பார்த்தார்.

மூன்றாம் நாட் காலை, களத்தில் வைக்கோற்போருக்கும் வரப்புக்கும் இடையே சாரையொன்று குறுக்கே சென்றது. ஓராண்டாகப் பாம்பு பார்த்த எமக்குக் கண்ணாடியின்றிப் பாம்பைப் பார்த்தது அன்றுதான் முதல். ஆறடிக்குக் குறையாது. நண்பனின் தந்தையார் கையிற் கழி இருந்தது. "அப்பா, சாரை" என்றான் அவன். "தெரியாதா எனக்கு? போகட்டும், போரில் எலி நிறைய" என்று அவர் வைக்கோலைப் பிடுங்கத் தொடங்கினார். அதன் கண்ணின் பாவை வட்டமா கிடையா எனக் காண யாம் இரண்டடி முன்வைத்தோம். அதற்குள் வரப்பின் புல் அசைந்து ஓய்ந்தது.